ஸ்டன் கன்னா, சின்னப் பிஸ்டலா? ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தற்காப்புக்கு ஏதாவது கையில் வைத்துக்கொள்ளலாம் என்று புதிதாக யோசிக்கிறவர் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருவார்: "ஸ்டன் கன்னா, சின்னப் பிஸ்டலா, எதுக்கு பவர் ஜாஸ்தி?" பயிற்சி கொடுக்கும் இடத்தில் நிற்கிறவர்களும் ஒரு காலத்தில் இதையே கேட்டவர்கள்தான். அதனால் சிரிக்க முடியாது, எரிச்சல் மட்டும் வரும். டிரிகரில் விரலை வைத்துக்கொண்டே திரியாதே, பிள்ளைகளுக்கு எட்டும்படி வைக்காதே என்பதெல்லாம் தெரிந்த சங்கதி. இங்கே மற்றவை.

வோல்ட்டைப் பார்த்து வாங்குவது

பெட்டியின் மேல் "5 கோடி வோல்ட்" என்று அச்சடித்திருக்கும். அதைப் பிஸ்டலின் தோட்டா அளவோடு வைத்துப் பார்த்துவிட்டு, "இது போதும்" என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். மற்ற எல்லாத் தவறுக்கும் இதுதான் தாய்.

காற்றில் 1 செ.மீ. இடைவெளியைப் பொறி தாண்ட ஏறத்தாழ 30,000 வோல்ட் வேண்டும். கருவியின் முனையிலுள்ள இரண்டு உலோகக் குமிழ்களுக்கும் இடையே 3 செ.மீ. இருந்தால், 90,000 வோல்ட் வாக்கில் பொறி பாய்ந்துவிடும். அதற்கு மேல் வோல்ட் ஏற வழியே இல்லை. 5 கோடி வோல்ட் உண்மையானால் அந்தப் பொறி 16 மீட்டருக்கு மேல் தாண்ட வேண்டும்! பெட்டியில் உள்ள எண் விற்பனைக்காரர் கற்பனை. ஆளை முடக்குவது வேறு மூன்று: ஒவ்வொரு துடிப்பிலும் உடம்புக்குள் போகும் மின்னூட்டம், விநாடிக்கு எத்தனை துடிப்பு, மின்சாரம் உடம்பில் நுழையும் இரண்டு புள்ளிகளுக்கும் இடையே எவ்வளவு தூரம். கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் கேட்பதில்லை.

"ஸ்டன் கன்" என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு கருவிகள் உலவுகின்றன. ஒன்று தொட்டு அழுத்துவது. இதில் இரண்டு புள்ளிகளும் 3, 4 செ.மீ. தள்ளித்தான் இருக்கும். மின்சாரம் தோலிலும் அடியிலுள்ள சின்னத் தசைத் துண்டிலும் ஓடி முடிந்துவிடும். கிடைப்பது வலி, அவ்வளவுதான். வலி என்பது எதிராளி பொறுத்துக்கொள்ளாவிட்டால்தான் வேலை செய்யும். போதையில் இருப்பவன், வெறிபிடித்தவன், தடித்த ஜாக்கெட் போட்டவன் பொறுத்துக்கொள்வான். வீடியோக்களில் தொட்ட மாத்திரத்தில் ஆள் சுருண்டு விழுகிறான். நேரில் அவன் சுண்டிப் பின்வாங்குகிறான், தொடர்பு அறுகிறது, அறுந்த கணமே வலியும் போய்விடுகிறது. போலிக் கருவியைக் கொடுத்து, "எதிரே நிற்பவரின் உடம்பில் ஒரே இடத்தில் 3 விநாடி வைத்திரு" என்று சொல்லிப் பாருங்கள். புதியவர்களில் அனேகமாக எவராலும் முடியாது. முதல் விநாடியிலேயே எதிராளி திமிறிவிடுவார், இரண்டாவது விநாடியில் கருவி பிடித்த மணிக்கட்டு அவர் கையில் இருக்கும். கைகலப்புத் தூரத்துக்குள் போயே ஆகவேண்டிய கருவியை, எட்ட நின்று தடுக்கும் கருவியோடு ஒப்பிட்டதன் விலை அது.

மற்றொன்று டேசர் வகை. அழுத்தப்பட்ட நைட்ரஜன் வாயு, மெல்லிய கம்பி கட்டிய இரண்டு ஊசிகளைப் பாய்ச்சும். பொதுமக்களுக்கான மாடல்களில் எட்டும் தூரம் சுமார் 4.5 மீட்டர். பரவலான வடிவமைப்பில் மேல் ஊசி நேராகப் போகும், கீழ் ஊசி 8 பாகை தாழ்வாகப் போகும். எனவே தூரம் கூடக்கூட இரண்டும் விலகும்: அரை மீட்டரில் 7 செ.மீ., 1 மீட்டரில் 14 செ.மீ., 2.1 மீட்டரில் 30 செ.மீ. தசைகள் மொத்தமாகப் பூட்டிக்கொள்ள அந்த 30 செ.மீ. அளவுக்காவது விலகல் வேண்டும். மிக அருகில் சுட்டால் விலகல் போதாமல், அதுவும் வெறும் வலிக் கருவியாகிவிடும். 4.5 மீட்டரிலோ விலகல் 60 செ.மீ.யைத் தாண்டும்; கீழ் ஊசி இரு கால்களுக்கும் நடுவே போய்விடலாம். இன்னொரு வேடிக்கை: போலீசார் நெடுங்காலம் வைத்திருந்த எக்ஸ்26 டேசரின் உச்சம் 50,000 வோல்ட்தான். அதுவும் ஊசிக்கும் தோலுக்கும் நடுவிலுள்ள துணியைத் தாண்டுவதற்கு. உடம்பில் விழுவது சுமார் 1,200 வோல்ட், விநாடிக்கு 19 துடிப்பு. ஆளைச் சாய்ப்பது அது. 5 கோடிப் பெட்டியால் ஆகாது.

டேசரை வாங்கியவர்களும் பாதிக் கிணறுதான் தாண்டுகிறார்கள். ஓர் ஊசி தவறினாலோ, தொளதொளச் சட்டையில் மாட்டித் தொங்கினாலோ மின்சுற்று மூடாது. அப்போது கருவி படபடவென்று பெரிதாகச் சத்தம் போடும். சத்தம் பெரிதாக இருந்தால் மின்சாரம் காற்றில் போகிறது என்று அர்த்தம். உடம்பில் நன்றாக ஏறினால் சத்தம் தணியும். புதியவர் அந்தச் சத்தத்தைக் கேட்டு வெற்றி என்று நினைக்கிறார். செய்ய வேண்டியது, தீர்ந்த கார்ட்ரிட்ஜை (ஊசியும் வாயுவும் அடங்கிய முன்பெட்டி) கழற்றாமலேயே, குத்திய ஊசிக்குத் தள்ளி உடம்பின் வேறு இடத்தில் கருவியின் முனையை அழுத்துவது. அந்த இடைவெளியில் சுற்று மூடும்.

போலீஸ் கருவி ஒரு தடவைக்கு 5 விநாடி ஓடும். பொதுமக்கள் மாடல் 30 விநாடி. காரணம் ஒன்றுதான்: கருவியைத் தரையில் போட்டுவிட்டு ஓடுவதற்கு. போட்டுவிட்டுப் போனவர் போலீஸ் புகாரோடு வந்தால் மாற்றுக் கருவி தரும் ஏற்பாட்டைத் தயாரிப்பாளர் வைத்ததும் இதற்காகத்தான். பணம் போட்டு வாங்கியதை விட மனமில்லாமல், 30 விநாடியும் பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். 31-ஆவது விநாடியில் விழுந்தவன் முழு நினைவோடு எழுந்திருப்பான்.

சின்னது என்றால் சுலபம் என்று எண்ணுவது

துப்பாக்கி சிறுத்தால் சுடுவது கடினமாகும். பையில் அடங்கும், .380 வகைத் தோட்டா போடும் பிஸ்டலின் வெற்று எடை 280 கிராம் வாக்கில், குழல் 70 மி.மீ. குறிபார்க்க மேலே உள்ள முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே 100 மி.மீ. என்று வையுங்கள்: கண்ணில் 1 மி.மீ. பிசகினால் 7 மீட்டரில் குண்டு 70 மி.மீ. தள்ளிப் போகும். 160 மி.மீ. உள்ள முழு அளவுப் பிஸ்டலில் அதே பிசகு 44 மி.மீ.தான்.

ஐந்து தோட்டா .38 ரிவால்வர் சுமார் 425 கிராம் இருக்கும். சுத்தியலை முன்கூட்டி இழுக்காமல் சுட, டிரிகரை ஏறக்குறைய 5 கிலோ விசையில் இழுக்க வேண்டும். துப்பாக்கியின் எடையைப் போலப் பன்னிரண்டு மடங்கு. விரல் இழுத்தால் துப்பாக்கியே திரும்பிவிடுகிறது. வலக்கையரின் குண்டுகள் இடப்பக்கம் கீழே போய் விழுவதைப் பார்த்தாலே புரியும். எடை குறைந்தால் உதையும் கூடும். குட்டிப் பிஸ்டலை மணிக்கட்டு தளர்த்திப் பிடித்தால் மேற்பாகம் முழுதாகப் பின்னால் போகாது. காலித் தோட்டாக்கூடு வாயிலேயே சிக்கி நிற்கும்.

ரிவால்வர் சிக்காது என்பார்கள். மிக இலேசான ரிவால்வரில் ஒவ்வோர் உதைக்கும் மீதித் தோட்டாக்களின் குண்டு கூட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகரும். மூக்கு வெளியே நீண்டால் உருளை சுழலாது. வாங்கிய தோட்டா இப்படிச் செய்யுமா என்று பார்க்க, ஐந்தாவதன் நீளத்தை அளந்து வைத்துக்கொண்டு நான்கைச் சுடுங்கள், பிறகு அதை எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். நீண்டிருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது.

தூரத்தை மறப்பது

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்றுநர் டென்னிஸ் டியூலர் 1983-இல் எழுதிக் காட்டிய கணக்கு: கத்தியோடு ஓடி வருபவன் 21 அடியை, அதாவது 6.4 மீட்டரை, சுமார் ஒன்றரை விநாடியில் கடப்பான். கைப்பையின் அடியில் கிடக்கும் எதையும் அந்த நேரத்தில் எடுக்க முடியாது. அது மின்சாரமா, ஈயமா என்பது அப்புறம்.

"உயிருக்கு ஆபத்தில்லை" என்ற தைரியம்

தசை பூட்டிய ஆள் கையை ஊன்ற முடியாமல் மரம் சாய்வதுபோல் விழுவான். மண்டை தரையில் மோதும். படிக்கட்டு, மாடி விளிம்பு, தண்ணீர்க் கரை ஆகிய இடங்களில் டேசரும் கொல்லும். பெட்ரோல் ஆவியும் ஆல்கஹால் கலந்த பெப்பர் ஸ்பிரேயும் பொறியில் தீப்பிடிக்கும். மார்பைக் குறி வைக்க வேண்டாம் என்று தயாரிப்பாளரே 2009-இல் அறிவுறுத்தினார். முதுகு நல்லது, இல்லையேல் மார்புக்குக் கீழ். சட்டமும் பல இடங்களில் இதைப் பொம்மையாகப் பார்ப்பதில்லை: பிரிட்டனில் 1968 துப்பாக்கிச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் இது தடைசெய்யப்பட்ட ஆயுதம்.

காட்டி மிரட்டுவது

வேண்டாம்.

பிஸ்டலைச் சாவிக்கொத்தோடு ஒரே பாக்கெட்டில் போடுவது

சாவிக்கும் டிரிகரை அழுத்தத் தெரியும். டிரிகரை மூடும் உறை, தனிப் பாக்கெட்.

இரண்டையும் ஒரே பக்கம் வைப்பது

2021-இல் மினசோட்டாவில் 26 ஆண்டு அனுபவமுள்ள போலீஸ் அதிகாரி ஒருவர் "டேசர்" என்று கத்திக்கொண்டே பிஸ்டலால் சுட்டார். ஓர் இளைஞர் இறந்தார். அந்த அதிகாரி டேசரை எதிர்ப்பக்கம்தான் வைத்திருந்தார், அப்படியும் கை மாறியது. ஒரே பக்கம் வைத்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டேசரை எதிர்ப்பக்கம் வைத்து, அந்தப் பக்கத்துக் கையாலேயே எடுத்துப் பழகுங்கள்.

வாங்கி அலமாரியில் வைத்துவிடுவது

சார்ஜ் ஏற்றும் வகை சும்மா கிடந்தாலும் இறங்கும். மாதம் ஒருமுறை 1 விநாடி பொறி விட்டுப் பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். காற்றில் நெடுநேரம் பொறி ஓட்டினால் உள்ளே மின்காப்பு கருகும். டேசரென்றால் முதலில் கார்ட்ரிட்ஜைக் கழற்றுங்கள். கழற்றியதும் அதன் மேல் அச்சிட்ட காலாவதி தேதியையும் பார்த்துவிடுங்கள்.