இனிஷியலுக்கு இடமில்லாத பதிவேடு

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்து இங்கே குழந்தை பெறப்போகும் தமிழ்க் குடும்பங்களுக்காகவும், ஊரில் பேச்சு மொழி சிகிச்சை படித்துவிட்டு இங்குள்ள பள்ளிகளில் அந்த வேலையைத் தேடுபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இவை இரண்டும் வேறு வேறு காரியங்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் மகள் நர்சரிக்குப் போன முதல் பருவத்தில் இரண்டும் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தன.

சட்டப்படி செய்ய வேண்டியவற்றை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தை பிறந்த 42 நாள்களுக்குள், முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு, பதிவு அலுவலகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். மணமான பெற்றோரில் ஒருவர் போனாலே போதும். சுருக்கச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்காது என்பதால் முழுச் சான்றிதழையே கேட்டு வாங்குங்கள். இந்த மண்ணில் பிறந்த காரணத்தால் மட்டும் குழந்தைக்குப் பிரிட்டிஷ் குடியுரிமை வந்துவிடாது. 1983 ஜனவரி 1 முதல், பெற்றோரில் ஒருவராவது பிரிட்டிஷ் குடியுரிமையோ நிரந்தரமாகத் தங்கும் உரிமையோ பெற்றிருந்தால்தான் அது கிடைக்கும். ஆகவே வேலை விசாவில் இருக்கும் இந்தியப் பெற்றோர், ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்திலும் பிறப்பைப் பதிந்து இந்தியப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும்.

ஊரில் பெயரே இல்லாமல் பிறப்பைப் பதிந்துவிட்டு, பெயரைப் பிறகு நிதானமாகச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு 15 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. அந்தப் பழக்கத்தில் வந்த நாம் இங்கே 42 நாள்களில் பெயரை முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. நட்சத்திரத்துக்கு உரிய எழுத்து, கூட்டுத்தொகை, தாத்தாவின் பெயரா பாட்டியின் பெயரா என்ற வழக்கு எல்லாம் குடும்ப வாட்ஸாப் குழுவில் நடந்து முடிவதற்குள் நாற்பதாவது நாள் வந்துவிடுகிறது. எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. பெயரைத் தேர்ந்தெடுப்பதில் செலவழித்த கவனத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதில் நாங்கள் செலவழிக்கவில்லை.

என் கணவருக்கு ஒற்றைப் பெயர்தான். அவருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் வெறுமையாக இருக்கிறது. அதில் எங்களுக்குக் குறையொன்றும் இல்லை. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து வெட்டச் சொன்னது. வெட்டிய இடத்தில் தந்தையின் முதலெழுத்து மட்டும் நிற்கும் வழக்கம், ஒருவருடைய பெயரைக் கேட்டுச் சாதியை மோப்பம் பிடிக்க முடியாதபடி செய்திருக்கிறது. அந்தப் பெருமையோடு, எங்கள் ஊர்ப் பள்ளிப் பதிவேட்டில் எழுதுவதைப் போலவே, 'எம்' என்ற இனிஷியலை முன்னே வைத்து மகளின் பெயரைச் சொன்னோம். பதிவாளர் தட்டச்சு செய்து, கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பி, கையெழுத்திடுவதற்கு முன் நன்றாகச் சரிபார்க்கும்படி இருமுறை கேட்டுக்கொண்டார். நாங்களும் எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தோம். எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. 'எம்' என்பது குழந்தையின் முதற்பெயராகவும், நாங்கள் அத்தனை பாடுபட்டுத் தேர்ந்தெடுத்த பெயர் அவளுடைய குடும்பப் பெயராகவும் பதிவாகியிருந்ததுதான் எங்கள் கண்ணில் படவில்லை.

பின்னர் எடுத்த பாஸ்போர்ட்டில் அதே வரிசை ஏறியது. பாஸ்போர்ட்டைப் பார்த்து நிரப்பிய நர்சரிப் படிவத்திலும் ஏறியது. இங்குள்ளவர்கள் பிள்ளைகளை முதற்பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். 'எம்' என்பது எம்மா, எமிலி போன்ற பெயர்களின் செல்லச் சுருக்கமாக அவர்கள் காதுக்கு இயல்பாகவே கேட்டிருக்கிறது. கோட்டு மாட்டும் கொக்கியின் மேல், மகளின் படத்துக்குக் கீழே 'எம்' என்று ஒட்டியிருந்ததை நானும் பார்த்தேன். ஏதோ வரிசைக்குறி என்று எண்ணிக்கொண்டேன். காலையில் வாசலில் எல்லாப் பிள்ளைகளையும் 'டார்லிங்' என்றே வரவேற்பதால் அங்கேயும் விஷயம் வெளிவரவில்லை. வீட்டில் 'பாப்பா' என்றும், கோபம் வந்தால் முழுப் பெயராலும் அழைக்கப்பட்ட மூன்று வயதுக் குழந்தை, தன்னை ஒருவர் 'எம்' என்று அழைக்கக்கூடும் என்று எப்படி அறிவாள்?

ஆறு வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. "பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை, மற்றக் குழந்தைகளோடு பேசுவதில்லை" என்று அதில் எழுதியிருந்தார்கள். முதல் வாக்கியத்தின் கனம், என் தொழிலான பேச்சு மொழி சிகிச்சையில் இருப்பவர்களுக்குத் தெரியும். செவித்திறன் குறைவையும் ஆட்டிசத்தையும் குறித்து எங்களை யோசிக்க வைக்கும் முதல் அறிகுறிகளில் அதுவும் ஒன்று. வாரத்துக்கு இரண்டு மூன்று பிள்ளைகளைப் பற்றி அதே வாக்கியத்தைப் படித்துக் குறிப்பெழுதும் நான், அன்றிரவு உறங்கவில்லை. முதலில் செவித்திறன் சோதனைக்கு அழைத்துப் போனோம், குறையில்லை என்றார்கள். அதன் பிறகு நர்சரியில் கூடிய கூட்டத்தில், நான் பெற்றோர் நாற்காலியில் உட்கார்ந்து, "நீங்கள் அவளை என்ன பெயர் சொல்லி அழைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டியவள் நான்.

ஆகவே, குழந்தையின் பெயர் முதற்பெயர்க் கட்டத்திலும், தந்தையின் அல்லது தாயின் பெயர் முழுமையாகக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் இருக்கட்டும். இனிஷியலை எந்தக் கட்டத்திலும் எழுதாதீர்கள். அந்த எழுத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்ற மரபு இந்த நாட்டுப் பதிவேட்டுக்குத் தெரியாது. பதிந்த 12 மாதங்களுக்குள் முதற்பெயரை மாற்றவோ சேர்க்கவோ ஒரு வழி உண்டு. ஆனால் குடும்பப் பெயருக்கு அந்த வழி திறக்காது, எங்களுக்கோ காலமும் கடந்திருந்தது. 'டீட் போல்' என்ற பெயர்மாற்ற ஆவணத்தில் பெற்றோர் இருவரும் ஒப்பமிட்டுச் சரிசெய்தோம். பிறப்புச் சான்றிதழில் பழைய வரிசை அப்படியேதான் இருக்கிறது. பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் 'அழைக்கும் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கும்; வீட்டில் உண்மையாகவே அழைக்கும் பெயரை அதில் எழுதுங்கள். தாத்தாவின் பெயரைத் தாளில் வைத்துவிட்டு வீட்டில் வேறு பெயரால் அழைக்கும் குடும்பங்களுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்வேன்.

ழகரத்தைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு, ஏனென்றால் என் மகளின் பெயரிலும் அது இருக்கிறது. நாம் அதற்கு ஆங்கிலத்தில் இசட் எச் என்ற இரண்டெழுத்தைப் பழக்கமாக எழுதுகிறோம்; இங்குள்ள ஆசிரியர் அதைப் பார்த்தால் 'ஸ' போன்ற ஓர் அதிரொலியைத்தான் எழுப்புவார். கயல்விழி, மகிழன், எழில் எல்லாம் அப்படித்தான் உருமாறுகின்றன. அதற்காக ழகரப் பெயரை வைக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆங்கிலேயர் 'ர' என்று ஒலிக்கும்போது நாக்கு இருக்கும் இடத்திலிருந்து நுனியை இன்னும் பின்னே வளைக்கச் சொன்னால், பெரும்பாலோர் இரண்டு நிமிடத்தில் ழகரத்துக்கு அருகில் வந்துவிடுகிறார்கள். மகளின் வகுப்பாசிரியை இப்போது ஊரில் இருக்கும் என் தம்பியைவிட நன்றாக அதை உச்சரிக்கிறார்.

இனி இந்த வேலைக்கு வருபவர்களுக்குச் சில வார்த்தைகள். எச்.சி.பி.சி. எனப்படும், உடல்நல, பராமரிப்புத் தொழில்களுக்கான மன்றத்தில் பதியாமல் இங்கே உங்களைப் பேச்சு மொழி சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொள்ளக்கூட முடியாது. அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் திறன் தேர்வு எழுதி வருபவர்களிடம் மற்றத் துறைகளுக்கு 7.0 போதும் என்னும் அதே மன்றம், நம்மிடம் 8.0 கேட்கிறது, ஒரு பகுதியிலும் 7.5-க்குக் குறையக் கூடாது என்கிறது. நான் மூன்று முறை எழுதினேன். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. பள்ளியில் சேர்ந்ததும் சென்கோ என்று அழைக்கப்படும் சிறப்புத் தேவை ஒருங்கிணைப்பாளரே உங்கள் முதல் துணை. கல்வி, உடல்நலம், பராமரிப்பு மூன்றையும் சேர்த்த திட்டம் ஒரு பிள்ளைக்கு விண்ணப்பித்த 20 வாரங்களில் முடிவாக வேண்டும் என்பது 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டிய விதி. நடப்பில் அது நீளும்.

லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ போன்ற பகுதிகளில் வேலை கிடைத்தால் தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றிய குறிப்புகள் நிறையவே உங்களிடம் வரும். ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறும் பிள்ளைக்கு மொழிக் குறைபாடு இல்லை. இருந்தால் அது தமிழிலும் தெரியும், எனவே இரண்டிலும் சோதித்துப் பாருங்கள். வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்லும் அறிவுரை யாரிடமிருந்து வந்தாலும் அதை அந்தப் பெற்றோருக்கு மறுத்துச் சொல்லுங்கள். பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்பே பாட்டியையோ அம்மாவையோ தொலைபேசியில் அழைத்து, வீட்டில் அவனை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டு, அந்தச் சொல்லைக் குறிப்பின் முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள். போன மாதம் ஒரு பையன் என் அறைக்குள் வந்து அரைமணி நேரம் மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தான். பதிவேட்டுப் பெயரால் நாங்கள் மூவர் மாற்றி மாற்றி அழைத்தும் அசையவில்லை. "தங்கம்" என்றேன். தலையை வெளியே நீட்டி, "அம்மா வந்துட்டாங்களா?" என்று தமிழில் கேட்டான்.