கிஸ்பெப்டின்: கூடினால் அடங்கிப்போகும் ஹார்மோன்

பருவமடைதலைத் தொடங்கிவைக்கும் மூளை ஹார்மோன் கிஸ்பெப்டின். பெயரைப் பார்த்து இதை ‘முத்த ஹார்மோன்’ என்று எழுதிவிடுகிறார்கள். பெயர் வந்தது மிட்டாயிலிருந்து. 1996-ல் அமெரிக்காவின் ஹெர்ஷி நகரில், மெலனோமா என்ற தோல் புற்றுநோய் பரவுவதைத் தடுக்கும் ஒரு மரபணுவைக் கண்டார்கள். அந்த ஊர்ச் சாக்லேட்டான ‘ஹெர்ஷீஸ் கிஸ்ஸஸ்’ நினைவில் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அந்த மரபணு உருவாக்கும் பொருள்தான் கிஸ்பெப்டின். பூப்போடு இதற்குள்ள தொடர்பு 2003-ல்தான் வெளிவந்தது. இதன் ஏற்பி (அணுவில் இந்த ஹார்மோனின் செய்தியை வாங்கும் புரதம்) பழுதானவர்கள் தாமாகப் பருவமடைவதில்லை.

அடுத்த தவறு, பருவமடைதல் எல்லாம் சூலகத்திலும் விரையிலும் தொடங்குவதாக நினைப்பது. அவை கடைசிப் படி. மூளையின் ஹைப்போதலாமஸில் கிஸ்பெப்டின் சுரக்கும் நரம்பணுக்கள் தட்டிவிட, ஜிஎன்ஆர்எச் என்ற இன்னொரு ஹார்மோன் வெளிவருகிறது. அது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, சூலகத்தையும் விரையையும் இயக்கும் எல்எச், எஃப்எஸ்எச் என்ற ஹார்மோன்கள் இரண்டும் இரத்தத்தில் இறங்குகின்றன. கடுமையாக உடல் மெலிந்த ஓட்டக்காரப் பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றால், சூலகம் நன்றாகவே இருக்கலாம். உடலில் கொழுப்பு குறைந்து, கொழுப்பு சுரக்கும் லெப்டின் ஹார்மோன் இறங்கியதால் மேலிடமான மூளை கட்டளையை நிறுத்தியிருக்கும்.

பெரிய தவறு இனிமேல்தான்: ‘ஹார்மோன் கூடினால் வேலையும் கூடும்.’ ஜிஎன்ஆர்எச் விட்டு விட்டு, ஏறக்குறைய ஒன்றிலிருந்து ஒன்றரை மணிக்கு ஒருமுறை துடிப்பாக வர வேண்டும். 1978-ல் ஆய்வாளர் எர்ன்ஸ்ட் நோபில் குழு குரங்குகளில் இதைக் காட்டியது. மணிக்கொரு முறை கொடுத்தபோது பிட்யூட்டரி வேலை செய்தது. இடைவிடாமல் ஏற்றியபோது அடங்கிப்போனது. ஓயாமல் கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவர் காதைப் பொத்திக்கொள்வாரே, அப்படித்தான். மாதவிலக்கு நின்ற பெண்களுக்குத் தினம் இருவேளை கிஸ்பெப்டின் ஊசி போட்டுப் பார்த்தபோதும் இதே கதை: முதல் நாள் எல்எச் நன்றாக எகிறியது, இரண்டு வாரத்தில் அந்தத் துள்ளல் பெரும்பாலும் போய்விட்டது.

இது புரியாததால்தான் சீக்கிரமே வயதுக்கு வரும் குழந்தைகளின் பெற்றோர் மருந்துச் சீட்டைப் பார்த்துப் பதறுகிறார்கள். ‘லியூப்ரோலைடு ஜிஎன்ஆர்எச் மாதிரியாமே, இன்னும் வேகமாக்கிவிடாதா?’ சீக்கிரப் பூப்பை நிறுத்திவைக்கத் தரும் இந்த ஊசி மருந்து தொடர்ந்து உடலில் நிற்கும்படி போடப்படுகிறது. முதல் சில நாள் சற்றுத் தூண்டும், பிறகு பிட்யூட்டரியை அமர்த்திவிடும். பயந்து பாதியில் ஊசியை விட்டால் பூப்பு மறுபடி ஓடத் தொடங்கும்.

முதல் மாதவிலக்கைத் தொடக்கமாக எண்ணுவதும் தவறுதான். மார்பு வளர்ச்சி அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடும். பெண் குழந்தைக்கு 8 வயதுக்குள், பையனுக்கு 9 வயதுக்குள் மாற்றம் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பெண்ணுக்கு 13, பையனுக்கு 14 தாண்டியும் ஒன்றும் தொடங்காவிட்டாலும் அப்படியே.

இணையத்தில் விற்கும் கிஸ்பெப்டின் குப்பிகளையும் தொடாதீர்கள். இது பெப்டைடு (சிறு புரதத் துண்டு), விழுங்கினால் சாப்பாட்டுப் புரதம் போலச் செரித்துப்போகும். ஊசியாகச் செலுத்தினாலும் சிறிய வடிவமான கிஸ்பெப்டின்-10 இரத்தத்தில் சில நிமிடங்களிலேயே பாதியாகிவிடும். லண்டனில் ஐவிஎஃப் (சோதனைக் குழாய்க் கருத்தரிப்பு) சிகிச்சையின்போது முட்டை முதிர இதைக் கொடுத்தது உண்மைதான். ஆனால் அது ஆய்வுக்குள், நேரம் கணித்துப் போட்ட ஊசி.