முதல் எபி போடுவதற்கு முன்

போன வாரம், இணையத்தில் தொடர்கதை எழுதப் புதிதாக வந்திருக்கும் ஒரு பெண் எனக்கு ஓர் இணைப்பு அனுப்பியிருந்தார். "அக்கா, முதல் எபி போட்டாச்சு. நாற்பது எபி வரும்னு நினைக்கிறேன். படிச்சிட்டுச் சொல்லுங்க." எபி என்றால் எபிசோட், அதாவது தொடர்கதையின் ஓர் அத்தியாயம். படித்தேன், நன்றாகவே இருந்தது. மீதி 39 எபியும் எழுதியாகிவிட்டதா என்று கேட்டேன். "இல்லக்கா, வாரம் ரெண்டு எழுதிடலாம்" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் முதல் தொடரை நானும் இதே நம்பிக்கையோடுதான் ஆரம்பித்தேன்.

பிரதிலிபி, வாட்பேட் மாதிரியான தளங்களுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் எழுத்துப்பிழை பாருங்கள், பத்தி பிரியுங்கள், நல்ல தலைப்பு வையுங்கள் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். நான் செய்து அடிபட்டவை, இப்போதும் கண்ணெதிரே நடப்பவை, இவற்றை மட்டும் சொல்கிறேன்.

கதையை முடிக்காமல் தொடரை ஆரம்பிப்பது

என் முதல் தொடர் ஒரு குடும்ப மர்மக் கதை. வீட்டில் இருந்த உயில் காணாமல் போகிறது. எடுத்தது யார் என்பதுதான் முடிச்சு. எடுத்தது சித்தி. முதல் எபியிலிருந்தே தடயம் வைத்துக்கொண்டு வந்தேன். மாடிக்குப் போகும்போது சித்தி மட்டும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாள். கண்ணாடி இல்லாமல் ஒன்றும் தெரியாது என்று எல்லோரிடமும் சொல்கிறவள், ஐந்தாம் எபியில் மருந்துச் சீட்டின் பொடி எழுத்தைத் தடுமாறாமல் படிப்பாள். எழுதி வைத்திருந்தது ஆறே எபி. மீதி தலைக்குள் இருந்தது. தலைக்குள் இருப்பதையும் எழுதிவிட்ட கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

மூன்று வாரம் பிரச்சினை இல்லை. கையிருப்பு தீர்ந்த பிறகு, யூடி நாளுக்கு, அதாவது அடுத்த எபி போட வேண்டிய நாளுக்கு, முந்தைய ராத்திரி உட்கார்ந்து எழுத வேண்டியதாயிற்று. அந்த எபிகளை இன்று எடுத்துப் பார்த்தால், எல்லாவற்றிலும் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். கதையை நகர்த்த யோசிக்க வேண்டும், அதற்கு நேரமில்லை. உரையாடல் என்றால் ஆயிரம் வார்த்தை சீக்கிரம் நிரம்பிவிடும்.

அப்புறம் பதினோராம் எபியின் கீழே ஒரு வாசகி எழுதினார்: "உயிலை எடுத்தது சித்திதான். செருப்பைக் கையில எடுத்தப்பவே தெரிஞ்சுடுச்சு." அதற்குக் கீழே, "ஆமா, எனக்கும் அதே சந்தேகம்" என்று வரிசையாகப் பலர்.

பதறிப்போனேன். முடிச்சு அவிழ்ந்துவிட்டது, இனி யார் படிப்பார்கள் என்று நினைத்து, அன்று ராத்திரியே ஆளை மாற்றினேன். சித்தியை நல்லவளாக்கிவிட்டு, அதுவரை ஒரே ஒரு காட்சியில் தலைகாட்டிய வக்கீலைத் திருடனாக்கினேன். பின்பாதியை எழுதி முடித்திருந்தால் அதை அழிக்க மனம் வந்திருக்காது. எழுதாததை மாற்றுவது சுலபமாக இருந்தது.

வெளியான எபிகளைத் திருத்தத் தளம் அனுமதிக்கும்தான். ஆனால் படித்து முடித்தவர்கள் திரும்பிப் போய்ப் படிக்க மாட்டார்கள். அவர்கள் மனதில் சித்தி இன்னமும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறிக்கொண்டிருக்கிறாள். கடைசி எபி போட்ட அன்று அதே வாசகி கேட்டார்: "அப்போ சித்தி ஏன் செருப்பைக் கழட்டினாங்க?" என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு அவர் என் கதைகளின் பக்கம் வரவே இல்லை.

அவர் ஊகித்ததில் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை என்பது பிறகுதான் புரிந்தது. நான் தடயம் வைத்தேன், அவர் கண்டுபிடித்தார். மர்மக் கதை ஒழுங்காக வேலை செய்தால் நடப்பது அதுதான். தன் ஊகம் சரியா என்று பார்ப்பதற்காகவே அவர் கடைசிவரை வந்திருப்பார். தவிர, யார் எடுத்தது என்று தெரிந்தாலும் ஏன் எடுத்தாள் என்பது யாருக்கும் தெரியாது. கதையின் உயிரே அந்தக் காரணத்தில்தான் இருந்தது. அதை எழுதாமலே தூக்கிப் போட்டேன்.

இன்று பாதித் தொடரின் கீழே, "நாயகி யாரைக் கல்யாணம் பண்ணணும்? கமெண்ட்ல சொல்லுங்க" என்று கேட்பதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. அதை முடிவு செய்யாமல் முதல் எபியை எப்படி எழுதினார்கள்? அப்படி ஆரம்பித்த தொடர்களில் பல பாதியில் நின்றுபோகின்றன. 'முடிவுற்றது' என்று போட்டிருந்தால்தான் தொடுவேன் என்று வாசகர்கள் சொல்வதற்கு இப்படி நிறுத்தியவர்கள்தான் காரணம்.

அதனால் முழுக் கதையையும் எழுதி முடியுங்கள். இரண்டு வாரம் தொடாமல் வைத்துவிட்டு, திரும்பப் படித்துத் திருத்தி, பிறகு போட ஆரம்பியுங்கள். அவ்வளவு பொறுமை இல்லையா, சரி, கடைசி எபியையும் கதை திரும்பும் இடங்களையுமாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கமெண்ட்டுகளைக் கட்டாயம் படியுங்கள். இரண்டு பாத்திரங்களின் பெயர் குழப்புகிறது, எந்த வருஷம் நடக்கிறது என்று தெரியவில்லை என்று சொன்னால் உடனே சரிசெய்யுங்கள். யார் என்ன செய்தார்கள் என்பதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

தளத்தின் எழுதும் பெட்டிக்குள்ளேயே எழுதுவது

எழுதாதீர்கள். மூலப்பிரதி உங்களிடம் இருக்கட்டும், அதன் நகல் வேறோர் இடத்தில் இருக்கட்டும்.

பழைய எழுத்துருவை அப்படியே ஒட்டுவது

பாமினி மாதிரியான எழுத்துருவில் தட்டிய கதையைத் தளத்தில் ஒட்டினால், 'அம்மா' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் நடுவில் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். தளங்கள் எதிர்பார்க்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை முழுக்கப் படியுங்கள். கொம்பும் காலும் பிரிந்து 'கொ', 'போ' போன்ற எழுத்துகள் உடைந்திருக்கும் இடங்களைக் கண்ணால்தான் பிடிக்க முடியும்.

கிண்டிலில் போட்ட கதையைத் தளத்திலும் விட்டுவைப்பது

தொடர் முடிந்ததும் அமேசானின் மின்நூல் கடையான கிண்டிலில் ஏற்றுவது இப்போது வழக்கம். ஏற்றும்போது 'கேடிபி செலக்ட்' என்ற திட்டத்தில் டிக் செய்தால்தான் கிண்டில் அன்லிமிட்டெட் என்ற வாசிப்புத் திட்டத்தின் சந்தாதாரர்கள் படிப்பார்கள், படித்த பக்கங்களுக்குப் பணம் வரும். ஆனால் அந்த டிக், 90 நாளைக்கு அந்தக் கதையின் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது என்று நீங்கள் ஒப்புக்கொள்வதற்கு அடையாளம். இலவசமாகக்கூட இருக்கக் கூடாது. மாதிரிக்குப் பத்து சதவீதம் வரை வைக்கலாம். அச்சுப் புத்தகத்துக்குத் தடையில்லை. 90 நாள் முடிந்ததும், நீங்களாக நிறுத்தாவிட்டால், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். ரீரன், அதாவது முடிந்த தொடரையே தளத்தில் மறுபடி போடப் போகிறவர்கள் பலர் இதைத்தான் மறக்கிறார்கள். தளத்தில் மறைத்துவிட்டு ஏற்றுங்கள், கிண்டிலில் காலம் முடிந்ததை உறுதிசெய்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

நடிகர் படத்தை அட்டையில் போடுவது

கதை எழுதிய கணமே அதன் பதிப்புரிமை உங்களுடையது. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் அதற்குப் பதிவே தேவையில்லை. அந்தப் படத்தை எடுத்தவருக்கும் அதே உரிமை இருக்கிறது. உங்கள் கதையை யாரோ திருடிப் போட்டால் எப்படிக் கொதிப்பீர்கள்?

சொந்தக்காரர்களிடம் ஐந்து நட்சத்திரம் கேட்பது

வேண்டாம்.

படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்துவது

கதையை வெளியிட ஒரு தளத்துக்கு அனுமதி கொடுப்பது வேறு, கதையையே கொடுப்பது வேறு. போட்டிக்கு அனுப்பும்போதும், பணம் தருகிறோம் என்று மின்னஞ்சல் வரும்போதும் மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள். அவர்களுக்கு மட்டுமேயான உரிமையா? எத்தனை வருஷத்துக்கு? ஒலிப்புத்தகம், மொழிபெயர்ப்பு, திரைவடிவம் ஆகியவையும் சேர்ந்து போகின்றனவா? காலவரை போடாமல் எல்லா வடிவமும் என்று இருந்தால் கையெழுத்துக்கு முன் எழுத்தில் கேள்வி கேளுங்கள். வாய்மொழியாக வரும் பதிலை நம்ப வேண்டாம். விதிமுறைகள் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் நீங்கள் சம்மதித்த நாளில் அந்தப் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே சேமித்து, தேதி போட்டு, மூலப்பிரதி இருக்கும் அதே கோப்புறையில் வையுங்கள்.