பறக்கவிடத் தெரிந்தால் போதாது: ட்ரோனைத் தொழிலாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு இளைஞர் தன் முதல் வேலையை என்னிடம் காட்டினார். கல் குவாரி ஒன்றின் மேலிருந்து எடுத்த மேப். நிறம், கூர்மை எல்லாமே அருமை. "தரையில் எத்தனை குறி வைத்தீர்கள்?" என்று கேட்டேன். "குறி எதற்கு? ட்ரோனிலேயே ஜிபிஎஸ் இருக்கிறதே" என்றார். சில வருடங்களுக்கு முன்னால் நான் சொன்ன அதே பதில், ஒரு வார்த்தைகூட மாறவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ப்ரொப்பெல்லரைச் சரியாக மாட்டாதது, மெமரி கார்டை மறந்துவிட்டுப் போவது போன்றவற்றைச் சொல்லப் போவதில்லை. ஒரு முறை பட்டுவிட்டால் யாரும் மறுபடி செய்ய மாட்டார்கள். பிறருக்காகப் பறக்க ஆரம்பித்த பிறகு வரும் தவறுகள் வேறு மாதிரி.

காசு வாங்கவில்லை, அதனால் இது தொழில் இல்லை என்று நினைப்பது

நண்பரின் கட்டடத்துக்கு விளம்பர வீடியோ எடுத்துக் கொடுக்கிறீர்கள். இலவசம்தான். ஆனாலும் அமெரிக்காவில் சிறிய ட்ரோன்களுக்கு 2016 முதல் இருக்கும் பார்ட் 107 விதிகள் அதற்குப் பொருந்தும். வெறும் பொழுதுபோக்குக்காகப் பறந்தீர்களா என்பதுதான் அங்கே கேள்வி, பணம் கைமாறியதா என்பதல்ல. இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகள், 2 கிலோ வரையுள்ள மைக்ரோ ட்ரோனை வணிகம் அல்லாத தேவைக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் கேட்பதில்லை. அதே ட்ரோனை வணிகத்துக்கு எடுத்தால் சான்றிதழ் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலோ தொழிலா, பொழுதுபோக்கா என்ற பிரிவே கிடையாது. பறப்பதில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்பதே அங்கு கணக்கு. நீங்கள் பறக்கும் நாட்டில் கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதைச் சட்டத்திலேயே படித்துவிடுங்கள். நண்பர்கள் சொல்வதை நம்பாதீர்கள்.

படத்தை வைத்து என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்காமல் ஒப்புக்கொள்வது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

அப்போது நான் இரண்டு வருடம் பறந்து பழகியிருந்தேன். ஜல்லி விற்கும் ஒருவர் தன் குவியல்களுக்கு "மேலேயிருந்து ஒரு மேப்" வேண்டும் என்றார். சரி என்றேன். 100 மீட்டர் உயரத்தில், கேமராவை நேராகக் கீழே பார்க்க வைத்து, கோடு கோடாக ஓட்டி 300 படங்களுக்கு மேல் எடுத்தேன். இரவு முழுக்கக் கணினி ஓடி, அவற்றையெல்லாம் ஒன்றாக இணைத்து மேப் வந்தது. லாரி டயரின் தடம்கூடத் தெரிந்தது. பெருமையோடு அனுப்பிவைத்தேன்.

மூன்றாம் நாள் அவர்களுடைய சர்வேயர் போன் செய்தார். "தம்பி, படம் நல்லா இருக்கு. ஆனா நான் டோட்டல் ஸ்டேஷன் வெச்சு எடுத்த புள்ளிகளோட உங்க மேப்ல இருக்கிற உயரம் ஒண்ணுகூட ஒத்துப்போகலையே" என்றார். டோட்டல் ஸ்டேஷன் என்பது சர்வேயர்கள் முக்காலியில் வைத்து தூரம், கோணம் அளக்கும் கருவி. அவர்களுக்குத் தேவைப்பட்டது படமே இல்லை. குவியல்களில் எத்தனை கன மீட்டர் ஜல்லி கிடக்கிறது என்ற எண்தான். அதை வைத்து பில் போட இருந்தார்கள்.

எங்கே தவறினேன் என்று அந்த சர்வேயர்தான் பொறுமையாக விளக்கினார். ஒரு இஞ்ச் சென்சாரும் 20 மெகாபிக்சலும் உள்ள கேமரா 100 மீட்டரிலிருந்து எடுத்தால், ஒரு பிக்சல் தரையில் சுமார் 2.7 செ.மீ. அதுவே என் துல்லியம் என்று நான் நினைத்திருந்தேன். எவ்வளவு சின்னப் பொருள்வரை தெரியும் என்பதைத்தான் பிக்சல் அளவு சொல்லும். அந்தப் பொருள் பூமியில் எங்கே இருக்கிறது என்று சொல்லாது. சாதாரண ட்ரோனின் ஜிபிஎஸ்ஸில் சில மீட்டர் பிழை சகஜம், உயரத்தில் இன்னும் மோசம். போதாக்குறைக்கு, ஜிபிஎஸ் தரும் உயரம் பூமிக்குக் கணித முறையில் வரைந்த நீள்கோளத்திலிருந்து அளக்கப்படுவது. சர்வேயரின் உயரமோ கடல் மட்டத்தை ஒட்டியது. இடத்தைப் பொறுத்து இரண்டுக்கும் இடையே பல பத்து மீட்டர் வித்தியாசம் வரலாம்.

மொத்த மேப்பும் ஒரே அளவு உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால், அடித்தரையையும் அதே மேப்பிலிருந்து எடுத்துச் சமாளித்துவிடலாம். அவர்கள் பழைய சர்வேயின் தரைமட்டத்தை வைத்துக் கழிக்கிறவர்கள், அதனால் அந்த வழி அடைபட்டது. அதோடு என் மேப் வளைந்தும் இருந்தது. எல்லாப் படங்களும் நேர்க்கீழாக இருக்கும்போது லென்ஸின் வளைவை மென்பொருள் தவறாகக் கணித்து, தட்டையான தரையையே லேசான கிண்ணம்போல ஆக்கிவிடும். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் 5,000 சதுர மீட்டரில் சராசரியாக 10 செ.மீ. தவறினால் 500 கன மீட்டர். 10 கன மீட்டர் பிடிக்கும் லாரியில் 50 லோடு. அந்த 50 லோடுக்கு யாரோ ஒருவர் பணம் கட்ட வேண்டியிருந்திருக்கும்.

எல்லாவற்றையும் என் செலவில் மறுபடி செய்தேன். தரையில் குறிகள் வைத்து, அவை இருக்கும் இடத்தையும் உயரத்தையும் துல்லியமாக அளக்க ஒரு சர்வேயரை நானே கூலி கொடுத்து அழைத்துப்போனேன். வேலை சரியாக முடிந்தது. அவர்கள் அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை.

இப்போது அளவு எடுக்கும் வேலை என்றால், கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகைகளைத் தரையில் குறிகளாக வைத்து, அளந்த இடங்களை மேப் செய்யும் மென்பொருளுக்குக் கொடுக்கிறேன். குறைந்தது ஐந்து: மூலைகளில் நான்கு, நடுவில் ஒன்று. மேடு பள்ளம் இருந்தால் அங்கேயும் வைப்பேன். அவை தவிர இரண்டு மூன்று குறிகளை அளந்து, மென்பொருளுக்குக் கொடுக்காமல் தனியே வைத்துக்கொள்வேன். மேப் முடிந்ததும் அவற்றோடு ஒப்பிட்டால் உண்மையான பிழை தெரிந்துவிடும். ஆர்டிகே, அதாவது ஜிபிஎஸ் பிழையைப் பறக்கும்போதே சில சென்டிமீட்டருக்குத் திருத்தும் வசதி, உள்ள ட்ரோனாக இருந்தாலும் இந்தச் சோதனைக் குறிகளை விடுவதில்லை. படங்கள் முன்பின்னாக 80 சதவீதம், பக்கவாட்டில் 70 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். கேமராவைச் சாய்த்தும் ஒரு சுற்று எடுப்பேன், கிண்ண வளைவு பெருமளவு அடங்கும்.

இதெல்லாம் பிறகு. முதலில் கேள்வி: "இந்தப் படம் வந்ததும் நீங்கள் என்ன செய்வீர்கள்?" விளம்பரத்துக்கு என்றால் வெளிச்சம் முக்கியம். தட்டைக் கூரையில் ஈரம் எங்கே என்று பார்க்க வேண்டுமென்றால் தெர்மல் கேமராவோடு, வெயில் காய்ந்த நாளின் அஸ்தமனத்துக்குப் பிறகு போக வேண்டும், ஈரமான பகுதி சூட்டை அதிக நேரம் பிடித்து வைத்திருக்கும். பில், நில எல்லை என்ற வார்த்தைகள் காதில் விழுந்தால் சர்வேயர் இல்லாமல் தொடுவதில்லை. பல நாடுகளில் எல்லை குறிப்பது உரிமம் பெற்ற சர்வேயர் மட்டுமே செய்யக்கூடிய வேலை.

அந்த இளைஞர் என் எதிரிலேயே வாடிக்கையாளருக்குப் போன் செய்து கேட்டார். அவர்களுக்கும் வேண்டியது கன அளவுதான். நல்லவேளை, மேப் இன்னும் போகவில்லை.

பறக்கும் நேரத்துக்கு மட்டும் விலை சொல்வது

இருபது நிமிடம் பறப்பீர்கள். அனுமதி பார்ப்பது, பயணம், காற்று நிற்கக் காத்திருப்பது, எடிட்டிங், திருத்தச் சொல்லி வரும் மூன்றாவது போன்கால் எல்லாம் சேர்ந்ததுதான் வேலை. ஒரு மாதம் நேரத்தை எழுதிவைத்துப் பாருங்கள், உங்கள் விலை தானாக மாறும்.

ஒரே ட்ரோனோடு வேலைக்குப் போவது

போகாதீர்கள்.

பொழுதுபோக்குக் காப்பீட்டை நம்புவது

பாலிசியில் எதற்கெல்லாம் பணம் தரமாட்டோம் என்ற பகுதியை இன்றே படியுங்கள்.

"இன்னும் ஒரே ஒரு ஷாட்"டுக்கு இணங்குவது

பணம் கொடுப்பவர் பக்கத்தில் நின்று கேட்கும்போது மறுப்பது கஷ்டம். ஆனால் லித்தியம் பாலிமர் பேட்டரியின் வோல்ட்டேஜ் கடைசிக் கட்டத்தில் மெதுவாக இறங்காது, சடாரென்று விழும். திரும்பி வரும்போது எதிர்க்காற்று என்றால் இன்னும் சீக்கிரம். தரையில் இலை அசையாத நேரத்திலும் 100 மீட்டரில் நல்ல காற்று இருக்கலாம். அதனால் பறக்கும் முன்பே, கன்ட்ரோலர் திரையில் பேட்டரி எண்ணைக் கையால் தொட்டுக் காட்டி, "இது 30-க்கு வந்தால் இறக்கிவிடுவேன், அடுத்த பேட்டரியில் தொடரலாம்" என்று சொல்லிவிடுகிறேன். 35 வரும்போது அவர்களே "அண்ணா, இறக்கிடலாமா?" என்று கேட்கிறார்கள்.