திகதி எண் யன்னலின் நடுவில் நில்லாதபோது: மணிக்கூட்டைப் பூட்டுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டு உறவினர் அனுப்பிய சீக்கோ 5 வகை மணிக்கூடுகள் யாழ்ப்பாணத்து வீடுகளில் இன்னும் புழக்கத்தில் உள்ளன. அவற்றைக் கழற்றித் துப்புரவாக்கிப் பூட்டப் பழகுவோரை, ஓட்டம் சரியாக அமைந்த பின்னரும் ஒரு சிக்கல் வாட்டுவதுண்டு: திகதி எண், டயலில் (எண்கள் பொறித்த முகத்தட்டில்) உள்ள சிறு யன்னலின் நடுவில் நில்லாமல் மேலேயோ கீழேயோ ஒதுங்கிவிடுகிறது. உடனே டயலின் கால்களை, அதாவது அதன் அடியில் உள்ள சிறு ஊசிகளை, வளைத்துச் சரிசெய்ய முற்படுவதே பெருந்தவறு. அந்தக் கால்கள் மெல்லியவை. ஒன்று முறிந்தால் அதை மீண்டும் சூட்டில் ஒட்டும்போது டயலின் பூச்சே கருகிவிடக்கூடும்.

அதற்கு முன், பார்க்கும் நேரம் சரியானதா என்று கவனிக்க வேண்டும். முட்கள் இரவு பதினொரு மணியைக் காட்டும் நிலையில், திகதியை நகர்த்தும் பற்சில்லின் விரல், திகதி எண்கள் அச்சிட்ட வளையத்தை ஏற்கெனவே தள்ளத் தொடங்கியிருக்கும். அந்நிலையில் எண் சாய்ந்து தெரிவது இயல்பே தவிர பிழையன்று. முட்களைக் காலை ஆறு மணிக்குக் கொண்டுவந்துவிட்டு, பக்கத்துக் குமிழை, திகதியை மட்டும் மாற்றும் விரைவு மாற்று நிலையில் வைத்து, 1 முதல் 31 வரை ஒவ்வொரு எண்ணாக நகர்த்திப் பார்ப்பதே முறை. இரவு ஒன்பது மணிக்கும் அதிகாலை மூன்று மணிக்கும் இடைப்பட்ட நிலையில் விரைவு மாற்றைப் பயன்படுத்தினால் பல் உடைய இடமுண்டு.

எல்லா எண்களும் ஒரே திசையில், ஒரே அளவில் ஒதுங்கினால் டயல், அதன் கீழுள்ள பிளாஸ்டிக் வளையம், திகதி வளையம் ஆகிய மூன்றில் ஒன்றே காரணமாக இருக்கும். சீக்கோ 5 மணிக்கூடுகளில் உள்ள 7எஸ்26 போன்ற இயக்கங்களில் (மணிக்கூட்டை ஓட்டும் உட்பகுதிகளில்) அந்தப் பிளாஸ்டிக் வளையம் தன் இடத்தில் முழுமையாகப் படியாவிட்டால் டயல் மயிரிழை உயர்ந்தோ நகர்ந்தோ நிற்கும். வேறொரு மணிக்கூட்டிலிருந்து எடுத்த திகதி வளையத்தை மாட்டுவோர் இன்னொரு பொறியிலும் சிக்குகின்றனர்: குமிழ் மூன்று மணி நிலையில் உள்ள மணிக்கூட்டுக்கும் நான்கு மணிப் பக்கம் உள்ளதற்கும் எண்கள் வேறு வேறு இடத்தில் அச்சிடப்படுகின்றன. பற்கள் பொருந்திவிடுவதால் வளையம் சரியானதென்றே தோன்றும். எவ்வளவு திருத்தினாலும் எண் நேராகாது.

ஒதுக்கம் எண்ணுக்கு எண் மாறுபட்டால் டயலை விட்டுவிட வேண்டும். வளையத்தின் உள்விளிம்பில் உள்ள 31 பற்களில் இரண்டுக்கிடையே ஜம்பர் எனும் தடுப்பின் மூக்கு சென்று அமர்வதனாலேயே வளையம் ஓரிடத்தில் நிற்கிறது. ஒரு நாளுக்கான நகர்வு ஏறத்தாழ 11.6 பாகையே என்பதால், ஜம்பரின் வில் சற்றுத் தளர்ந்தாலும், அதன் மூக்கில் பழைய எண்ணெய் இறுகியிருந்தாலும், எண் பாதி வழியில் நின்றுவிடும். வளையத்தைப் பிடித்திருக்கும் மூடுதட்டின் திருகாணிகளை இடம் மாற்றிப் பூட்டினாலும் இதே விளைவு வரலாம். நீளமான ஆணி தட்டைத் தாண்டிச் சென்று வளையத்தை அழுத்தும். ஆகவே டயலை வைப்பதற்கு முன், வளையமும் ஜம்பரும் மூடுதட்டும் மட்டும் பூட்டிய நிலையிலேயே 31 நகர்வுகளையும் பார்த்துவிடுவது பின்னர் வரும் அரைநாள் அலைச்சலைத் தவிர்க்கும்.

எண்ணெய் விடயத்தில் தாராளம் ஆகாது. ஜம்பரின் மூக்குக்கு மிகச் சிறிதளவு கிரீஸ் போதும். வளையத்தின் அச்சிட்ட முகத்தில் எதுவும் படலாகாது. அவ்வளையத்தைக் கழுவும் திரவத்தில் மற்றப் பாகங்களோடு போட்டால் எண்களே அழிந்துபோகலாம். சோளகக் காற்று வீசும் மாதங்களில் அறையின் யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்வதும் வீண்; தூசு படிவதோடு, கிழமைத் தட்டைப் பிடித்திருக்கும் சிறு கவ்வி சாவணத்திலிருந்து தெறித்தால் எங்கே போனதென்று தேடுவதிலேயே பொழுது போகும்.

முட்களைப் பூட்டும்போது, குமிழை முன்னோக்கி மட்டும் மெல்லத் திருப்பித் திகதி மாறும் கணத்தில் நிறுத்தி, மணி முள்ளையும் நிமிட முள்ளையும் பன்னிரண்டில் பதிக்க வேண்டும். பின்னோக்கித் திருப்பி அந்த இடத்துக்கு வந்தால் பற்சில்லுகளுக்கிடையேயுள்ள தளர்வு காரணமாகச் சில நிமிடங்கள் பிசகும். திகதி நள்ளிரவில் மாறாமல் நண்பகலில் மாறுகிறது என்று யாரேனும் மணிக்கூட்டைக் கொண்டுவந்தால், பின்மூடியைத் திறக்கவே தேவையில்லை. முட்களைப் பன்னிரண்டு மணி நேரம் முன்னோக்கித் திருப்பிவிட்டு, திகதியைச் சரிபார்த்துக் கொடுத்துவிடலாம்.