பழைய வெள்ளி நாணயத்துக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது?

பழைய வெள்ளி நாணயம் ஒன்று கையில் கிடைத்தால், தயவுசெய்து அதைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். பற்பசை, பாலிஷ் எதுவும் வேண்டாம். வெள்ளியில் தானாகப் படிந்த கருமையையும் வண்ணச் சாயலையும் சேகரிப்பாளர்கள் விரும்பித்தான் வாங்குகிறார்கள், தேய்த்தால் மேற்பரப்பில் விழும் மெல்லிய கீறல்களோ மறையவே மறையாது, விலையும் பெரிதாக விழுந்துவிடும்.

அடுத்து, வயதை வைத்து விலையை முடிவு செய்யாதீர்கள். ரோமானியக் காலத்து வெள்ளிக் காசுகளில்கூட ஏராளமாகக் கிடைக்கும் வகைகள் உண்டு. அமெரிக்காவின் மார்கன் டாலரைப் பாருங்கள்: 1921-இல் கோடிக்கணக்கில் அச்சானது, எளிதில் கிடைக்கிறது, 1893-இல் சான் பிரான்சிஸ்கோவில் அச்சானதோ வெறும் 1,00,000தான், அதனால் தேய்ந்துபோன ஒன்றுக்கே நல்ல விலை. இரண்டிலும் இருக்கும் வெள்ளி ஒரே அளவு, 90 சதவீதம். ஆக, ஆண்டோடு நின்றுவிடாமல், எங்கே அச்சானது என்று காட்டும் எழுத்தான அச்சுச்சாலைக் குறியையும் லென்ஸ் வைத்துத் தேடுங்கள். இவ்வளவு சின்ன எழுத்துதான் விலையையே மாற்றுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

அப்புறம் நாணயத்தின் நிலை. அது எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்பதற்குப் புள்ளி தரும், 1 முதல் 70 வரையான ஷெல்டன் அளவுகோலில், மேல்படிகளில் ஒரு புள்ளி கூடினாலே சில நாணயங்களின் விலை பல மடங்காகும்.

நாணயத்தில் உள்ள ஆண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். ஆஸ்திரியாவின் வெள்ளி நாணயமான மரியா தெரேசா தாலர் 1780 என்ற ஆண்டுடனேயே இன்றுவரை மறுபடி மறுபடி அச்சாகியிருக்கிறது. போலியா என்று சந்தேகம் வந்தால் எடை, விட்டம், காந்தம் மூன்றையும் பாருங்கள்; வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. ஆனால் ஒட்டாததெல்லாம் வெள்ளியும் இல்லை.