ரிசீவரைக் கழற்றும் முன்: மாடல் விமானக் கோளாறில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பறந்துகொண்டிருந்த ரேடியோ கண்ட்ரோல் விமானம் திடீரென்று கையிலிருக்கும் டிரான்ஸ்மிட்டரின் ஸ்டிக்குக்குக் கட்டுப்படாமல் போனால், எல்லோருக்கும் முதலில் வாயில் வருவது "சிக்னல் போச்சு". முதல் தவறு அதுதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்களில் சிக்னல் அத்தனை சுலபமாகப் போவதில்லை. விமானத்துக்குள் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கு வரும் மின்சாரத்தையும், இறக்கை, வால் மடல்களை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவிலிருந்து போகும் கம்பியையும் பார்த்துவிட்டு அப்புறம் ரேடியோவைச் சந்தேகப்படுங்கள்.

விழுந்த விமானத்தின் பேட்டரியைக் கழற்றியதும் சார்ஜ் போட்டுவிடாதீர்கள். அதில் மிச்சமிருக்கும் வோல்டேஜ் முக்கியமான தடயம். எந்த இணைப்பு தளர்ந்திருந்தது என்று பார்த்து, படம் எடுத்துவிட்டு மற்ற ஒயர்களைப் பிடுங்குங்கள்.

அடுத்தது, மேசையில் வைத்து ஸ்டிக்கை ஆட்டிப் பார்த்து "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று முடிவு கட்டுவது. மேசையில் காற்றின் எதிர்ப்பு இல்லை. வானத்தில் நாலு சர்வோவும் ஒரே நேரத்தில் காற்றை எதிர்த்துத் திரும்பும்போது இழுக்கும் மின்னோட்டம் பல மடங்கு. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சிக்குள், பேட்டரி வோல்டேஜைக் குறைத்து ரிசீவருக்கும் சர்வோவுக்கும் தரும் பிஇசி இருக்கிறது. அதனால் அந்த மின்னோட்டத்தைத் தர முடியாவிட்டால் வோல்டேஜ் சரிந்து ரிசீவர் ஒரு கணம் அணைந்து மறுபடி எழும். தரையில் எடுத்துப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. மிச்ச வோல்டேஜை வெப்பமாக எரித்துவிடும் லீனியர் பிஇசி என்றால் சூடும் சேரும்: முழு சார்ஜில் 4 செல் லிப்போ பேட்டரி 16.8 வோல்ட், அதை 5 வோல்ட்டாக்கி 2 ஆம்பியர் எடுத்தால் சுமார் 24 வாட் வெறும் வெப்பமாகப் போகிறது. அந்தச் சூட்டில் அது தன்னையே நிறுத்திக்கொள்ளலாம். அதனால் ப்ரொபெல்லரைக் கழற்றிவிட்டு, எய்லரான் (இறக்கை மடல்), எலிவேட்டரை (வால் மடல்) விரலால் மெதுவாகத் தடுத்தபடி எல்லா ஸ்டிக்கையும் சேர்த்து ஆட்டி, ரிசீவர் வோல்டேஜைப் பாருங்கள். சரிந்தால் தனியாக, அவ்வளவு சூடாகாத ஒரு ஸ்விட்சிங் பிஇசி போடுங்கள். அந்தச் செலவைத் தள்ளிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சர்வோ நடுவில் நிற்கிறது என்பதால் அது நல்ல சர்வோ ஆகிவிடாது. உள்ளே கியரில் ஒரு பல் மட்டும் உடைந்திருந்தால் குறிப்பிட்ட ஒரு கோணத்தில்தான் வழுக்கும். முழு வீச்சுக்கும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சர்வோவை மடலோடு இணைக்கும் கம்பியான புஷ்ராடிலும், அது மடலில் மாட்டும் ஹார்னிலும் ஆட்டம் இருந்தால் வேகத்தில் எய்லரான் படபடத்து அதுவே பிய்ந்துவிடும்.

ரிசீவர் ஆன்டெனாவில் வேலை செய்வது நுனியில் உறையில்லாத சுமார் 31 மில்லிமீட்டர்தான். அதை வெட்டாதீர்கள், மடிக்காதீர்கள், கார்பன் ஃபைபர் பாகத்தோடு ஒட்டாதீர்கள். இரண்டு இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வையுங்கள்.

சிக்னல் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்கும் ரேஞ்ச் டெஸ்டை மோட்டார் நின்றிருக்கும்போது மட்டும் செய்வது பாதி டெஸ்ட். ஒருவர் விமானத்தைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, மோட்டார் ஓடும்போதும் செய்ய வேண்டும்.

ரிசீவரை மாற்றியே ஆக வேண்டும் என்றால், பைண்ட் செய்தபின் (அதை டிரான்ஸ்மிட்டரோடு இணைத்தபின்) ஃபெயில்சேஃபை, அதாவது சிக்னல் போனால் விமானம் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பை, மறுபடி அமையுங்கள். ப்ரொபெல்லர் இல்லாமல், த்ராட்டிலைக் கொஞ்சம் ஏற்றி, டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் அந்த விமானத்தைப் பறக்க விடாதீர்கள்.